புது வீடு, கோணல் நடைபாதை: செலவு யார் தலையில்?

கலிஃபோர்னியாவில் நூறு, இருநூறு வீடுகளோடு ஒரு புதுக் குடியிருப்பு எழும்பினால், சாலை, சாக்கடை, தெருவிளக்கு, நடைபாதை எல்லாவற்றையும் பொதுவாக பில்டரே போட்டுத் தர வேண்டும். வேலை முடிந்ததும் நகர நிர்வாகம் பார்வையிட்டு அவற்றை ஏற்றுக்கொள்ளும். வீடுகள் விற்று, ஆட்கள் குடிவந்த பிறகு நடைபாதையின் குறை கண்ணில் பட்டால், அப்போதுதான் தகராறு தொடங்குகிறது.

மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க நடைபாதைக்குத் தெருப்பக்கமாக லேசான வாட்டம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2010-ஆம் ஆண்டுத் தரவிதிகள் அதற்கு வைத்திருக்கும் எல்லை 48-க்கு 1, அதாவது சுமார் 2 சதவீதம். நாலடி அகலப் பாதை என்றால் ஒரு அங்குலம்தான் சரியலாம். இரண்டு அங்குலம் சரிந்தால் நடந்து போகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. சக்கர நாற்காலியில் போகிறவருக்கு உடனே தெரியும். முன்சக்கரங்கள் தெருப்பக்கமே இழுக்கும். நேராகப் போக வேண்டுமென்றால் ஒரு கையால் மட்டும் ஓயாமல் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தெருமுனைக்குப் போவதற்குள் தோள் நொந்துவிடும்.

இந்தத் தப்பு அதிகம் நடப்பது கார் ஏறி இறங்கும் இடத்தில். வீட்டுக்கு வீடு கராஜ் இருப்பதால், சிறிது தூரத்துக்கு ஒருமுறை நடைபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சரிவு வருகிறது. நடைபாதையையும் அந்தச் சரிவோடு சேர்த்துச் சாய்த்துவிடுவது சுலபமான வேலை. சரிவுக்குப் பின்பக்கமாக நாலடி சமதளம் விட்டு, பாதையை அதன் வழியே கொண்டுபோவதுதான் முறையான வேலை. அதற்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் எவ்வளவு கைதேர்ந்த மேஸ்திரி வந்தாலும் களத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த குறை மண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் நடைபாதைக்கு அடியில்தான் கடக்கின்றன. தோண்டிய பள்ளத்தை மூடும்போது அடுக்கடுக்காக மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அவசரத்தில் மொத்தமாகத் தள்ளி மூடினால், இரண்டு மழைக்காலத்தில் மண் அமுங்கி, மேலே நான்கு அங்குலக் கனத்தில் கிடக்கும் கான்கிரீட் பலகையும் இறங்கிவிடும். பக்கத்துப் பலகை அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே செங்குத்தான படி கால் அங்குலத்தைத் தாண்டினாலே விதிமீறல். கைத்தடியோடு நடக்கும் முதியவருக்கு அதுவே போதும், தடுக்கி விழ.

சரிசெய்யும் வழிகளும் குறையைப் பொறுத்து மாறுகின்றன. சிறிய படியைத் தேய்த்துவிடலாம். அடியில் கலவையைச் செலுத்தி இறங்கிய பலகையைத் தூக்கலாம். வாட்டம் தப்பினால் பெரும்பாலும் உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே ஆய்வாளர் ரசமட்டத்தோடு வந்து ஷட்டரிங் பலகைகளைச் சோதித்திருந்தால், ஒரு ஆப்பைத் தட்டியே சரிசெய்திருக்கலாம். கைப்பிழைக்கு இடம் விட்டு, 2 சதவீதத்துக்குப் பதில் 1.5 சதவீதத்துக்கே வரைவது விவரமறிந்த பொறியாளர்களின் வழக்கம்.

நகரங்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டியதற்குக் காரணம் சாக்ரமென்டோவில் நடந்தது. மாற்றுத்திறனாளிகள் சிலர் அந்நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நடைபாதை என்பது 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் அரசுச் சேவையில் சேராது என்று நகரம் வாதாடியது. ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் அதை ஏற்கவில்லை. நடைபாதையைப் பராமரிப்பது நகரத்தின் அன்றாடக் கடமை என்றது. 2004-இல் எட்டிய சமரசப்படி, போக்குவரத்து நிதியில் ஆண்டுக்கு 20 சதவீதத்தை அதிகபட்சம் 30 ஆண்டுகள் வரை இதற்கே செலவிட நகரம் ஒப்புக்கொண்டது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் இதே போன்ற வழக்கில் 30 ஆண்டுகளில் 130 கோடி டாலருக்கும் மேல் செலவிடச் சம்மதித்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பழைய தெருக்களுக்குப் போகிறது. அவ்வளவு கடன் தலைமேல் இருக்கும் ஊர், புதுத் தெருவிலும் கோணல் நடைபாதையை வாங்கிக்கொள்வதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

நகரத்தின் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. கலிஃபோர்னிய மனைப்பிரிவுச் சட்டப்படி, இந்த வேலைகளை முடிக்கும் முன்பே மனை வரைபடத்தைப் பதிவுசெய்ய விரும்பும் பில்டர், நகரத்தோடு ஒப்பந்தம் போட்டு உத்தரவாதப் பத்திரம் கட்ட வேண்டும். வேலை தரக்குறைவாக இருந்தால் ஏற்க மறுக்கலாம், பத்திரத்தின் மீது உரிமை கோரி அந்தப் பணத்தில் செய்து முடிக்கலாம். ஆனால் குடிவந்தவர்கள் தெரு முழுக்க உடைப்பதை விரும்புவதில்லை. வீட்டுப் பற்றாக்குறை வாட்டும் மாநிலத்தில் பில்டரைப் பகைத்துக்கொள்ளவும் தயக்கம். அந்தத் தயக்கத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் வீடு வாங்கியவர். நடைபாதையைப் பழுதுபார்க்கும் பொறுப்பை மாநிலச் சட்டம் அதை ஒட்டிய வீட்டுக்காரர் மீது வைக்கிறது. அவர் போடாத பாதைக்கு அவர் பெயரிலேயே நோட்டீஸ் வரும்.

நகரம் ஏற்றுக்கொண்ட பிறகும் ஓராண்டுக்கு பில்டரின் உத்தரவாதம் செல்லும். இறங்கிய பலகையையும் விரிசலையும் படம் எடுத்து, தேதியோடு நகரப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டிய காலம் அதுதான். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு கொடுத்தால், மண் அமுங்கிய இடங்களில் பலவும் அதற்குள் தெரிந்திருக்கும்.