விளக்கு வைக்கும் வேளையில் நம் வீடு



வீராணம் ஏரிக்கரை வழியாக மாலையில் லால்பேட்டைக்குள் வருபவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. பள்ளிவாசலிலிருந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும். கடையில் இருப்பவர் கல்லாவை விட்டு எழுவார். சிறுவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஓடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையில் இஸ்லாமியரை மதிப்புடன் குறிப்பிட்டபோது, அவர்களது செபத்தையும் ஈகையையும் நோன்பையும் எடுத்துச் சொன்னது. அதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றாடம் கண்ணால் காண்கிறோம்.

இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் நம் குடும்பங்கள் மிகச் சில. அப்படி ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றபோது, அந்த வீட்டுத் தாய் நம்மிடம் சொன்னார்: “சாமி, பாங்கு சொன்னதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் போயிட்டாங்க. நம்ம பையன் தனியா நின்னுட்டு, ‘அம்மா, நமக்கு எப்போ நேரம்?’னு கேக்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

நமக்கும் உடனே பதில் வரவில்லை. ‘ஞாயிறு காலை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது; திருப்பலிக்கு அதில் ஒன்றோ ஒன்றரையோதான். மீதி நேரமெல்லாம் அந்தச் சிறுவன் வீட்டில், பள்ளியில், தெருவில் இருக்கிறான். குருவும் மறைக்கல்வி ஆசிரியரும் அங்கே அவனோடு இல்லை.

குரு அருகில் இல்லாத இடத்தில் நம்பிக்கை எப்படி நிலைக்கும்? கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. 1687-இல்தான் கோவாவைச் சேர்ந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், ஏழைப் பிச்சைக்காரரின் கோலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்பது ஆபத்து. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் போனார். அதை அடையாளம் கண்டுகொண்டவர்கள் வழியாக, மறைந்து வாழ்ந்த இறைமக்களை மெல்ல மெல்லக் கண்டடைந்தார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1658-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 29 வயது. வெளிப்படையான திருப்பலியைக் கண்டிராத தலைமுறை அது. அந்த மணிகளின் பொருளை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வீட்டில் இருந்தவர்கள்தான். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். அந்த வீடுகளில் இருந்த பாட்டிகளின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பவுல் அடிகளார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தாரே, அந்த நன்றி இவர்களுக்கும் உரியது.

நமக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு. 2020 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று, ஊரடங்கினால் ஆலயங்களில் மக்கள் இல்லை. சில வீடுகளில் மேசைமேல் மெழுகுதிரி ஏற்றி, தந்தையே நற்செய்தி வாசித்தார். நல்ல காரியம். ஆலயம் திறந்தது, வீட்டில் அந்த மெழுகுதிரி அணைந்தது. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ‘மறுபடியும் கோயிலுக்கு வாருங்கள்’ என்று அழைத்த நாங்கள், ‘வீட்டில் தொடங்கியதை விட்டுவிடாதீர்கள்’ என்று சொல்லவில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தை ‘இல்லத் திருஅவை’ என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அழைத்தது. அது பெருமைக்காகச் சூட்டிய பட்டம் அன்று. பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோர் என்று அங்கேயே சொல்லப்படுகிறது.

எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள். முதலில், நீளமாக வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்வு’ மடலில் கேட்பது ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் மட்டுமே: ஒன்றாகக் கூடுவது, கவலைகளைச் சொல்வது, துன்பப்படும் ஒருவருக்காக மன்றாடுவது, நன்றி கூறுவது, அன்னை மரியாவிடம் ஒப்படைப்பது. ஐம்பத்து மூன்று மணி செபமாலையைத் தொடங்கி மூன்றாம் நாளே விட்டுவிடுவதைவிட, ஒரு பத்து மணியை நாள்தோறும் சொல்வது மேல். நான்கு நிமிடம்கூட ஆகாது. நேரம் மட்டும் மாறக் கூடாது. விளக்கு வைக்கும் வேளையோ இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ, ஏதாவது ஒன்று. தொலைக்காட்சியில் தொடர் முடிந்தபின் என்று வைத்தால் நடக்காது, நாங்கள் பார்த்துவிட்டோம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஆசி வழங்குவது குருக்கள் மட்டுமே செய்யக்கூடியது என்று எண்ணுகிறார்கள். திருமுழுக்கு அன்று, குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தபின் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் அழைத்து அதையே செய்யச் சொல்கிறார், நினைவிருக்கிறதா? அந்த உரிமை அன்றோடு முடியவில்லை. பிள்ளை பள்ளிக்குப் புறப்படும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது, தேர்வு நாளில், பெருவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை வரையுங்கள். தந்தையர் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும். பிறகு பிள்ளையே நெற்றியைக் காட்டி நிற்கும்.

செய்யக் கூடாதது ஒன்றைச் சொல்லும் முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுச் சந்திப்பில், ‘விசுவாச அறிக்கை சொல்லு பார்ப்போம்’ என்று ஒரு சிறுமியைக் கேட்டோம். பாதியில் நின்றுவிட்டாள். தாயின் முகம் வாடியது. அடுத்த முறை போனபோது, எங்களைக் கண்டதும் அந்தப் பிள்ளை பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள். செபத்தைத் தேர்வாக மாற்றியது நாங்கள். வீட்டிலும் இது நடக்கிறது: சேட்டை செய்தால் ‘போய் முழங்கால் போட்டு செபம் சொல்லு’ என்கிறோம். தண்டனையாகக் கற்றதைப் பிள்ளை வளர்ந்ததும் விட்டுவிடும்.

கணவனும் மனைவியும் முகம் பார்க்காமல் இருக்கும் நாளில் குடும்ப செபம் எப்படி என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ‘செய்யலாமா’, ‘நன்றி’, ‘மன்னித்துக்கொள்’ என்ற மூன்று சொற்களையும், சமாதானமாகாமல் நாளை முடிக்காதீர்கள் என்பதையும் திருத்தந்தை பிரான்சிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு அந்த மூன்றாவது சொல்லே போதுமான செபம்.

இப்பகுதியில் ஆண்கள் வளைகுடா நாடுகளுக்குப் போவது சாதாரணம். குவைத்தில் இருக்கும் ஒரு தந்தைக்கு மாலை ஆறு மணிக்கு வேலை முடிகிறது; நமக்கு அப்போது இரவு எட்டரை. வீட்டில் மாதா சுரூபத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறார்கள். காணொளி அழைப்பில் அவர் ஓர் அருள்நிறை மரியே தொடங்க, இங்கே பிள்ளைகள் முடிக்கிறார்கள். பாதி நாள் சிக்னல் இருக்காது. சின்னவன் இடையில், ‘அப்பா, சைக்கிள்?’ என்று கேட்பான். அதுவும் மன்றாட்டுதானே!

கடைசியாக ஒன்று. பிறந்த நாளுக்கு கேக் வெட்டுகிறோம். திருமுழுக்குப் பெற்ற நாள் எது என்று கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறோம். பள்ளியில் சேர்க்கவோ திருமணத்திற்கோ மட்டும் தேடும் அந்தச் சான்றிதழை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த நாளில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, அந்தப் பிள்ளையின் நெற்றியில் வீட்டார் எல்லாரும் சிலுவை வரையுங்கள். சான்றிதழ் கிடைக்காதவர்கள் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்திற்கு வரலாம். பெற்றோர் பெயரும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் சொன்னால் போதும். பதிவேட்டைப் புரட்டித் தேடித் தருகிறோம்.