ராட்சதப் பூசணிக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது

2025 அக்டோபரில் இங்கிலாந்தில் எடை போட்ட ஒரு பூசணி 1,278.8 கிலோ இருந்தது. ஸ்டூவர்ட், இயன் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வளர்த்தது. அதற்கு முன் யாரும் அவ்வளவு பெரிய பூசணியை எடை போட்டதில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால் எல்லாரும் கேட்பது "என்ன உரம் போட்டாங்க?" என்றுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. காயைப் பெருக்க வைப்பதைவிட, ஓட்டை விழாமல் அக்டோபர் வரை கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

ஏனென்றால் போட்டி விதி அப்படி. காய் அழுகியிருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வெற்றிடம் வரை போகிற வெடிப்போ துளையோ இருக்கக் கூடாது. 2021-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2,520 பவுண்ட், அதாவது சுமார் 1,143 கிலோ எடையுள்ள ஒரு காயைத் தகுதிநீக்கம் செய்தார்கள். காரணம், நகம் அளவு ஒரு வெடிப்பு. ஏப்ரலில் விதை போட்டு அக்டோபர் வரை பார்த்த வேலை அத்தோடு போச்சு.

இவர்கள் எல்லாரும் வளர்ப்பது 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி உருவாக்கியது. உச்ச வளர்ச்சியில் ஒரே நாளில் 20 கிலோ ஏறும். அவ்வளவு வேகமாகச் சதை பெருக்கும்போது தோலும் கூடவே விரிந்து கொடுக்க வேண்டும். இங்கேதான் வெயில் வில்லனாகிறது. நேரடி வெயில் பட்டால் தோல் சீக்கிரம் முற்றி இறுகிவிடும். உள்ளே சதை தள்ளும், வெளியே தோல் மறுக்கும், விளைவு வெடிப்பு. அதனால் காய் சிறிதாக இருக்கும்போதே மேலே பழைய பெட்ஷீட்டைப் போர்த்துகிறார்கள், அல்லது நாலு கம்பு நட்டு வெள்ளைத் துணியில் பந்தல் போடுகிறார்கள். இலைகளுக்கு வெயில் வேண்டும், காய்க்கு வேண்டாம். ஆகவே பந்தல் காய்க்கு மட்டும்தான்.

சரி, மூடியாச்சு. அடுத்த தொல்லை அங்கிருந்தே கிளம்புகிறது. இளசாக வைத்திருக்கும் அதே தோல்தான் பூஞ்சைக்கும் சுலபமாக வழிவிடுகிறது. துணி ஈரமாகி ஒட்டிக்கொண்டால் உள்ளே புழுக்கம். பிளாஸ்டிக் ஷீட் என்றால் இன்னும் மோசம், அடியில் வியர்த்துக் கொட்டும். சீசன் கடைசியில் இரவுக் குளிருக்குக் கம்பளி போர்த்துபவர்கள் உண்டு. காலையில் மறக்காமல் எடுத்துக் காயவிட வேண்டும். ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கிற இந்தக் கதை என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான், ஆனால் பூசணியில் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது.

மேலே இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சரி செய்யலாம். அடிப்பக்கம்தான் நிஜமான தலைவலி. ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் டேவிட் ஹூவும் சகாக்களும் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: பூசணி பெரிதாக ஆக, தன் எடையாலேயே நசுங்கித் தட்டையாகிறது. தட்டையானால் மண்ணோடு ஒட்டும் பரப்பு கூடும், அங்கே காற்று போகாது. நம்மூரில் கூரை மேல் படரும் பூசணிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மழைத்தண்ணீர் வழிந்துவிடும், கீற்று இடுக்கில் காற்று போகும், எடையும் சில கிலோதான். டன் கணக்கில் உட்கார்ந்திருக்கும் காய்க்கு அடியில் மணல் கொட்டுகிறார்கள். தண்ணீர் இறங்கிவிடும், விரியும்போது காய் வழுக்கி நகரவும் தோது. இன்னும் சிலர் காகித ஆலைகளில் ஈரக் கூழைத் தாங்கி ஓடும் முரட்டுத் துணியை விரிப்பார்கள். அது நீரை வடியவிடும், மக்காது. இதையெல்லாம் காய் கையால் தூக்கும் அளவில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு நகர்த்தவே முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா கேப்சிசி மாதிரியான கிருமிகள். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் போதும், சில நாளில் காய் வெந்த மாதிரி ஆகிவிடும்.

காம்பையும் சொல்லியாக வேண்டும். காய் தடிக்கத் தடிக்கத் தோள் உயர்ந்து, காம்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். மழைத்தண்ணீர் அங்கே தேங்கும். போதாக்குறைக்குக் காம்பிலும் சிறு வெடிப்புகள் வரும். அங்கே பூஞ்சைக்கொல்லித் தூளைத் தூவி, சின்ன ஃபேன் ஒன்றை இரவு பகலாக ஓடவிடுகிறார்கள். தோள் உயரும்போது கொடியும் கூடவே எழும்ப வேண்டும். அதற்காகப் பக்கத்துக் கணுக்களில் இறங்கும் வேர்களை முன்கூட்டியே அறுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வேர் இழுத்துப் பிடிக்க, காம்பு பிய்ந்துவிடும்.

மேல்தோலில் மெத்தென்று ஒரு புள்ளி தெரிந்தால் கத்தியால் நல்ல சதை வரை சுரண்டி, உலரவிட்டுத் தூள் போடுவார்கள். பல நேரம் பிழைத்துக்கொள்ளும். அடியில் வந்தால் மூக்கை நம்ப வேண்டியதுதான். போட்டி நாளில் பெல்ட் மாட்டிக் காயைத் தூக்கும்போதுதான் வளர்த்தவரே தன் காயின் அடிப்பக்கத்தை மாதக்கணக்கில் கழித்துப் பார்க்கிறார். நடுவர்களும் குனிந்து அங்கேதான் பார்ப்பார்கள்.