கருவி விவரிப்பு (செயற்கை நுண்ணறிவு)

கருவி விவரிப்பு என்பது, ஒரு கருவி என்ன செய்யும், எப்போது பயன்படும், அதற்கு என்னென்ன தரவேண்டும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முகவருக்கு (ஏஜென்ட்) எடுத்துச் சொல்லும் சிறு உரை ஆகும். முகவர் என்பது பதில் சொல்வதோடு நில்லாமல் வேலையைச் செய்தும் முடிக்கும் மென்பொருள். பயணச்சீட்டு எடுப்பது, மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றை அதனுள் இருக்கும் மொழி மாதிரி நேரடியாகச் செய்வதில்லை. அதற்கென எழுதப்பட்ட நிரல்களை அழைத்துச் செய்விக்கிறது. அந்நிரல்களே இங்கு கருவிகள் எனப்படுகின்றன.

பின்னணி

ஓபன்ஏஐ நிறுவனம் 2023 சூன் மாதத்தில் தன் மாதிரிகளுக்கு இத்தகைய அழைப்பு வசதியை அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி எனப்படும் பொது நெறிமுறையை வெளியிட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சோகோ நிறுவனமும் 2025 சூலையில் இந்நெறிமுறைக்கான வழங்கியை அறிவித்தது. பொது நெறிமுறை வந்தபின், ஒருவர் எழுதிய விவரிப்பை அவர் அறியாத வேறொருவரின் மாதிரி படிக்கிறது. வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு இது புதிதன்று. வினாவை எழுதியவர் தேர்வறையில் இருக்கமாட்டார்; தாளில் உள்ள சொற்கள் மட்டுமே மாணவருக்குத் துணை.

மாதிரிக்கும் அதே நிலைதான். பொதுவாக அதற்குக் காட்டப்படுபவை கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை மட்டுமே. உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. நிரல் பிழையின்றி இருந்தும் விவரிப்பு மங்கலாக இருந்தால் தவறான கருவி அழைக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

குயிலாப்பாளையம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது. புதுச்சேரி நகரம் சில கிலோமீட்டர் தொலைவுதான்; ஆனால் அது வேறு அரசு, வேறு விடுமுறைப் பட்டியல். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள் என்பதால் அங்கு அரசு விடுமுறை. வானூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அது பொருந்தாது. புதுச்சேரிப் பட்டியலைத் தரும் ஒரு கருவிக்கு “விடுமுறை நாள்களைத் தரும்” என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். குயிலாப்பாளையத்துக்காரர் ஒருவர் “நவம்பர் 1 அன்று தாலுகா ஆபீஸ் உண்டா?” என்று கேட்டால், முகவர் “இல்லை” என்று உறுதியாகச் சொல்லிவிடும். மனு கொடுக்க அதுவே கடைசி நாளாக இருந்தால் இழப்பு அவருக்குத்தான்.

அதையே இப்படி எழுதலாம்: “புதுச்சேரி யூனியன் பிரதேச அரசு அறிவித்த பொது விடுமுறைகளை, கேட்கும் ஆண்டுக்குத் தரும். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. வானூர், குயிலாப்பாளையம் போன்ற விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். வங்கி விடுமுறைகள் இதில் இல்லை.” எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒத்த கருவிகள் இரண்டு இருக்கும்போது முகவரைக் காப்பதும் அந்த வரியே.

உள்ளீடுகள்

பட்டா விவரம் தேடும் கருவியில் ஓர் உள்ளீட்டுக்கு வெறுமனே “எண்” என்று பெயரிட்டால், அது பட்டா எண்ணா, புல எண்ணா என்று தெரியாது. “புல_எண்”, “உட்பிரிவு_எண்” எனப் பிரித்து, 45/2 என்பதில் 45 முதலாவதிலும் 2 இரண்டாவதிலும் வரவேண்டும் என ஓர் எடுத்துக்காட்டும் தருவது நல்லது. தேதியும் அப்படியே. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. பிழைச்செய்தியையும் விவரிப்பின் தொடர்ச்சியாகவே கொள்ளவேண்டும். “தவறு” என்று திருப்பி அனுப்பினால் முகவர் அதையே மீண்டும் அனுப்பிப் பார்க்கும். “உட்பிரிவு எண் தரப்படவில்லை” என்றால் திருத்திக்கொள்ளும்.

விவரிப்பைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் தமிழ் உரை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைவதால் செலவு கூடும்.

பாதுகாப்பு

மாதிரி விவரிப்பை நம்பிப் படிப்பதால், கெட்ட எண்ணம் உள்ளவர் அதற்குள் மறைவான கட்டளையை நுழைக்க முடியும். இன்வேரியன்ட் லேப்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலில் இதனைக் ‘கருவி நஞ்சூட்டல்’ என்ற பொருள்படும் பெயரில் விளக்கிக் காட்டியது. கணக்குக் கூட்டுவதாகச் சொல்லும் கருவியின் விவரிப்பிலேயே, பயனரின் இரகசியக் கோப்பைப் படித்து அனுப்பும்படி எழுதியிருக்கலாம். திரையில் பயனருக்கு அது தெரியாது. ஆகவே பிறர் தரும் கருவியை இணைக்குமுன் அதன் விவரிப்பு முழுவதையும் படித்துப் பார்க்கவேண்டும். பணம் செலுத்துதல், பதிவை அழித்தல் போன்றவற்றுக்கு “மீட்க முடியாது, பயனரின் ஒப்புதல் பெற்றபின் மட்டும்” என்று எழுதினால் மட்டும் போதாது. ஒப்புதல் கேட்கும் படியை நிரலிலேயே வைக்கவேண்டும்.