பருக்காமல் நின்ற ஒரு விண்மீன் திரள்

அயர்லாந்தில் இருந்த தம் பெரிய தொலைநோக்கி வழியாக ரோஸ் பிரபு லாரன்ஸ் பார்சன்ஸ் 1875-இல் என்ஜிசி 1277 என்ற விண்மீன் திரளைக் கண்டார். சுமார் 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், பெர்சியஸ் திரள்கொத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது அது. நம் பால்வழியில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு விண்மீன்கள் அதில் உண்டு. அளவோ பால்வழியில் கால்பங்குதான்!

அந்த விண்மீன்கள் அனேகமாக எல்லாமே 1,000 கோடி வயதைக் கடந்த கிழங்கள். இவ்வளவு தொலைவில் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. எனவே மொத்த ஒளியையும் நிறமாலையாகப் பிரித்து, அதில் விழும் கருங்கோடுகளைப் படிக்கிறார்கள். மக்னீசியக் கோட்டையும் இரும்புக் கோட்டையும் ஒப்பிட்டாலே பாதிக் கதை விளங்கிவிடும். மக்னீசியத்தைத் தருபவை கனத்த விண்மீன்கள். பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள் அவை வெடித்துவிடும். இரும்பில் பெரும்பங்கு, இறந்த விண்மீன்களின் எச்சங்களான வெண்குள்ளன்களின் வெடிப்பில் கிடைப்பது. அது நிதானமாக, நூறு கோடி ஆண்டுகள்கூட எடுத்துக்கொண்டு வரும். என்ஜிசி 1277-இல் இரும்பைவிட மக்னீசியத்தின் கை ஓங்கியிருக்கிறது. அப்படியானால், இரும்பு வந்து கலப்பதற்குள்ளேயே அங்கே விண்மீன் பிறப்பு முடிந்துவிட்டது.

பேரண்டத்தின் இளமையில் இத்தகைய கச்சிதமான, கனத்த திரள்கள் ஏராளம். பின்னர் அவற்றில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துச் சிறு திரள்களை விழுங்கி நாலைந்து மடங்கு பருத்தன. என்ஜிசி 1277-க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. திரள்கொத்துக்குள் அது பாய்கிற வேகத்தில் மற்றவற்றோடு இணைய முடியாது. சுற்றிலும் உள்ள வாயுவோ கடும் சூட்டில் இருப்பதால் குளிர்ந்து புது விண்மீனாகத் திரளாது.

எதையும் விழுங்கவில்லை என்பதற்குச் சாட்சி என்ன? பெரிய திரள்களைச் சுற்றி, லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிய கோளக் கொத்துகள் இருக்கும். திரளோடு சேர்ந்து பிறந்தவை பெரும்பாலும் சிவப்பு. விழுங்கப்பட்ட சிறு திரள்கள் கொண்டுவந்து சேர்ப்பவை நீலம். வானியலாளர்கள் மைக்கேல் பீஸ்லி, இக்னாசியோ துருஹியோ குழுவினர் என்ஜிசி 1277-ஐச் சுற்றி ஹபிள் தொலைநோக்கியால் தேடியபோது சிவப்புக் கொத்துகள் இருந்தன, நீலம் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2018-இல் வெளியான இந்த முடிவைத்தான் மிக வலுவான ஆதாரமாகக் கொள்ள வேண்டும். வயதான விண்மீன்கள் எந்தத் திரளிலும் இருக்கலாம். நீலக் கொத்துகள் இல்லாத பெருந்திரள் மிக அபூர்வம்.

2023-இல் ஒரு புதிரும் சேர்ந்தது. மையத்திலிருந்து சுமார் 20,000 ஒளியாண்டுகள் வரையுள்ள பகுதியின் நிறையில், கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அளந்து கண்டார்கள். இன்றைய கொள்கைப்படி குறைந்தது 10 சதவீதமாவது இருந்திருக்க வேண்டும்.