நற்சான்றும் நிலுவைக் கடனும்

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளப் பாத்திகள் நீரில் மூழ்கிவிடுகின்றன. மீண்டும் வேலை தொடங்கும்வரை பல வீடுகளில் அடுப்பெரிவது கடனால்தான். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. மூன்று மாதச் செலவுக்கு அது எப்படிப் போதும்? ஆகவே, கடன் பட்டவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் நன்னடத்தைச் சான்று கேட்டு வந்தான். வங்கித் தேர்வில் வென்றிருந்தான். ஆயினும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவன் பெயரில் தவணை தவறிய கடன் ஒன்று பதிவாகியிருந்ததாம். “சாமி, அது நான் வாங்கின கடன் இல்லை. சிநேகிதன் மோட்டார் சைக்கிள் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்” என்றான். ஜாமீன் நின்றவரின் பெயரிலும் அக்கடன் பதிவாகும் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அறிந்திருக்கவில்லை.

இந்தப் பதிவேடு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்களிடம் இருக்கிறது. ‘சிபில்’ என்று நாம் சொல்வது அவற்றுள் ஒன்று. ஒருவரது கடன் ஒழுங்குக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறார்கள். இதில் ஒரு விந்தையைக் காண்கிறேன். உப்பள முதலாளியிடம் பெற்ற முன்பணமும், வட்டிக்காரரிடம் பட்ட கடனும் இவ்வேட்டில் ஏறுவதில்லை. அவற்றை நம்மவர் வயிற்றைக் கட்டியாவது அடைத்துவிடுகின்றனர். கைப்பேசிக்கான தவணையும் மகளிர் குழுக் கடனும் ஏறுகின்றன. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று நாம் ஒத்திப்போடுவதோ அவற்றைத்தான்.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வழங்கிய தீர்ப்பை இங்கே குறிப்பிட வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் அதிகாரிப் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டது. தேர்வான ஒருவருக்கு 2021 மார்ச்சில் நியமன ஆணை வந்தது. கடன் பதிவு சரியில்லை என்று ஏப்ரலிலேயே அது இரத்தாயிற்று. அறிவிப்பு வருமுன்னரே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அடைத்தது மட்டும் போதாது, தவணை தவறாமல் அடைத்த வரலாறு வேண்டும். பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்றது. வங்கியின் அச்சம் எனக்குப் புரிகிறது. எனினும், முழுவதும் கட்டி முடித்தவனுக்கு இது மிகக் கடுமையான தண்டனை என்றே என் மனம் சொல்கிறது.

மத்திய அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஓயாத கடனாளியாக இருத்தல் கூடாது என்கிறது. ஆனால் முன்கூட்டி அறிய இயலாத, தம் கைக்கு மீறிய காரணத்தால் கடன் வந்தது, ஊதாரித்தனத்தால் அன்று என்று மெய்ப்பிக்க ஊழியருக்கு இடமுண்டு. அமெரிக்காவில் அரசு இரகசியங்களைக் கையாள்வோருக்குப் பாதுகாப்பு அனுமதி தருமுன் 13 அளவைகளால் சோதிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று பணநிலை. அந்நாட்டு உளவுத்துறையின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் கடன் நெருக்கடியில் சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்கத் தொடங்கி, 1994-இல் பிடிபட்டார். அப்படியிருந்தும் நோய், வேலையிழப்பு ஆகியவற்றால் வந்த கடனை அங்கே தனியாக எடைபோடுகிறார்கள். அதை அடைக்க அவர் மெய்யாக முயன்றாரா என்பதையும் பார்க்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வு அறிவிப்புகளின்படி, பணியில் சேருமுன் பதிவைச் சீர்செய்யலாம்; அல்லது கடன் கொடுத்தவரிடம் நிலுவையில்லைச் சான்று பெற்றுத் தரலாம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். பிழை இருப்பின் முறையிட்ட 30 நாட்களுக்குள் திருத்த வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மற்றொன்று: நிறுவனத்தார் ‘பாதியைக் கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அவ்வாறு முடித்த கடன், முழுவதும் அடைத்த கடனாகப் பதிவாவதில்லை.

அந்த இளைஞனின் தந்தை, மழைக்காலத்துக்கென ஒதுக்கியிருந்த பணத்தோடு மனைவியின் தோடுகளையும் அடகு வைத்து, முழு நிலுவையையும் கட்டினார். நிலுவையில்லைச் சான்று வர 20 நாட்களுக்கு மேலாயிற்று. அது கிடைத்ததும் நேரே என்னிடம் கொண்டுவந்து காட்டினான். பணியில் சேரும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.