பழைய கணினியும் புதிய பணிசெயல் முறைமையும்: மென்பொருட் பொருந்துகை

மாணவர்களே, "கணினி பழையதாகிவிட்டது, புதிய வின்டோஸ் போடலாமா?" என்ற கேள்வி வீட்டிலும் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்திலும் அடிக்கடி எழுவதுண்டு. பரீட்சையில் இதனைக் கட்டமைப்பு வினாவாகக் கேட்டால் "புதியதே சிறந்தது" என்று மட்டும் எழுதிப் புள்ளி பெற முடியாது. காரணத்தை விளங்கி எழுதுதல் வேண்டும்.

பொருந்துகை என்றால் என்ன?

பிரயோக மென்பொருள் வன்பொருளுடன் நேரடியாகத் தொடர்புகொள்வதில்லை. கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையில் காட்டல், அச்சுப்பொறிக்கு அனுப்பல் முதலியவற்றைப் பணிசெயல் முறைமையிடம் கேட்டே செய்விக்கின்றது. கேட்கும் சேவையை அம்முறைமை வழங்குமாயின் மென்பொருள் அதனுடன் பொருந்தும்; வழங்காவிடின் பொருந்தாது. இப்பிரச்சினை இரு திசைகளில் தோன்றும்.

1. பழைய மென்பொருள், புதிய முறைமை. உதாரணமாக, 64 பிற் வின்டோஸில் 32 பிற் மென்பொருள்கள் இயங்கும். மிகப் பழைய 16 பிற் மென்பொருள்கள் இயங்கமாட்டா.

2. புதிய மென்பொருள் அல்லது புதிய கோப்பு, பழைய கணினி. வேர்ட் 2007 புதிய கோப்பு வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. வேர்ட் 2003 இல் அக்கோப்பைத் திறப்பதற்குத் தனியாக ஓர் இணைப்பு மென்பொருளை நிறுவவேண்டியிருந்தது.

எமது மொழியிலிருந்து ஓர் உதாரணம்

வின்டோஸ் 98 காலத்தில் தமிழுக்கென முறைமைக்குள் எந்த வசதியும் இருக்கவில்லை. ஆகவே பாமினி போன்ற எழுத்துருக்கள் ஓர் உபாயத்தைக் கையாண்டன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தன. பாமினியில் "தமிழ்" என்று தட்டச்சிடும்போது கணினி சேமிப்பது 106, 107, 112, 111, 59 என்னும் ஆஸ்கி எண்களையே. அவை ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகும். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ். எழுத்துருவை நீக்கினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்.

ஒருங்குறியில் தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே "த" என்பதன் எண் 2980. அது வேறெந்த மொழி எழுத்துக்கும் உரியதன்று. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஆதரித்தது. 2001 இல் வந்த எக்ஸ்பியிலும் அவ்வசதி இருந்தது. ஆனால் தொடக்கத்தில் அதற்கான கோப்புக்களை இறுவட்டிலிருந்து தனியாக நிறுவவேண்டியிருந்தது. நிறுவாத கணினியில் தமிழ் இணையப்பக்கம் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது.

அப்படியாயின் எல்லோரும் உடனே மாறியிருக்கலாமே என நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்து அச்சகங்களில் கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டியன்று வழங்கும் கல்வெட்டுக்கள் எனப் பலவும் பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி எழுத்துருவைக் கொண்டு அமைக்கப்பட்டன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். அது ஒருங்குறியை அறியாது. எனவே ஓர் அச்சகத்தில் இன்னும் எக்ஸ்பி கணினி ஒன்று ஓடுவதைக் கண்டால் நகைக்காதீர்கள். பல வருட உழைப்பைத் திறக்கும் திறப்பு அதுவாக இருக்கலாம்.

பழையதிலேயே இருப்பதன் தீமைகள்

வின்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்பிரல் 8 இலும், வின்டோஸ் 7 இற்கானது 2020 ஜனவரி 14 இலும், வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இலும் முடிவடைந்தன. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. 2017 மே மாதத்தில் வோனாகிரை என்னும் தீம்பொருள், பாதுகாப்பு இற்றைப்படுத்தல் செய்யப்படாத கணினிகளில் பரவிக் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவும் அதனாற் பாதிக்கப்பட்டன.

மேம்படுத்தலில் வரும் இடர்கள்

முதலாவது, வன்பொருள் போதாமை. வின்டோஸ் 11 இற்கு ஆகக்குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியன தேவை. இரண்டாவது, பழைய அச்சுப்பொறிக்கோ வருடிக்கோ புதிய முறைமைக்கான செலுத்தி மென்பொருள் கிடைக்காமற் போகலாம். மூன்றாவதே மிகப் பாரதூரமானது: பழைய மென்பொருள் இயங்காவிடின் அதனால் மட்டுமே திறக்கக்கூடிய கோப்புக்கள் பயனற்றுப்போகும்.

எவ்வாறு தீர்மானிப்பது?

கணினியை மறுபடி வாங்கலாம், மென்பொருளையும் வாங்கலாம். அழிந்த கோப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே முதலில் தரவைக் காப்பாற்றுக. பின்னர் முறைமையை மாற்றுக. ஒழுங்கு இதுவே:

• எல்லாக் கோப்புக்களையும் வேறொரு சேமிப்பகத்தில் பிரதி எடுத்தல். எழுத்துருக் கோப்புக்களையும் மறவாதீர்கள்.
• புதிய முறைமையின் தேவைகளைக் கணினியின் வன்பொருளுடன் ஒப்பிடல்.
• பழைய கணினி இயங்கும்போதே பாமினிப் பாடங்களை மாற்றி மென்பொருள் மூலம் ஒருங்குறிக்கு மாற்றி, பிழை பார்த்தல்.
• இவை முடிந்த பின்னரே மேம்படுத்தல்.
• பழைய மென்பொருள் இன்றியமையாததாயின், அக்கணினியை இணையத்துடன் இணைக்காது அவ்வேலைக்கு மட்டும் வைத்திருத்தல்.

புதிய வின்டோஸை ஏற்காத கணினியில் உபுண்டு போன்ற இலவச முறைமையை நிறுவுவதும் ஒரு வழி. ஆனால் வின்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் அதில் நேரடியாக இயங்கமாட்டா.

மாதிரி வினா

ஒரு பாடசாலையில் 2005 ஆம் ஆண்டின் ஆண்டு மலர் பாமினி எழுத்துருவில் உள்ளது. புதிய கணினியில் அது ஆங்கில எழுத்துக்களாகத் தெரிகின்றது. (அ) காரணம் யாது? (ஆ) உடனடித் தீர்வு யாது? (இ) நிலையான தீர்வு யாது?

விடை: (அ) பாமினி எழுத்துரு அக்கணினியில் நிறுவப்படவில்லை, கோப்பில் இருப்பவை ஆஸ்கி எண்களே. (ஆ) பாமினி எழுத்துருவை நிறுவுதல். (இ) பாடத்தை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தல்.

பலர் (ஆ) உடன் நின்றுவிடுவர். எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம். ஆனால் "நல்லூர்" என ஒருங்குறியில் தட்டச்சிட்டுத் தேடினால் அம்மலரில் ஓரிடமும் அகப்படாது. கணினிக்கு அது இன்னும் தமிழ் அன்று. இந்த வேறுபாட்டை எழுதுபவருக்கே முழுப் புள்ளியும் கிடைக்கும்.