பழுப்பு எலியின் உடம்பில் வெள்ளை முடி: தெரியுமா?

ஒரு பழுப்புச் சுண்டெலி. அதன் உடம்பில் ஓரிடத்தில் மட்டும் பால்போல வெள்ளை முடி. பிறவி மச்சம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறொரு எலியின் தோல்! அந்நிய எலியின் தோலை ஒட்டினால் சுமார் 11 நாளில் அது கருகி உதிர வேண்டும். இந்த எலியிடம் உதிரவே இல்லை. ரத்தம் பாய்ந்து, முடி முளைத்து, சொந்தத் தோலாகவே ஆகிவிட்டது. ஒட்டியபோது மருந்து ஏதும் கொடுக்கவில்லை. தன் பாடத்தை அந்த எலி பிறப்பதற்கு முன்பே படித்து முடித்திருந்தது!

நடந்தது 1953-க்குச் சற்று முன்பு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில். பீட்டர் மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் மூவரும் சினையாக இருந்த ஒரு பழுப்பு எலியின் வயிற்றிலிருந்த 6 கருக்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசிக்குள் இருந்தவை வெள்ளை எலி இனத்தின் உயிரணுக்கள். 5 குட்டிகள் நலமாகப் பிறந்தன. 8 வாரம் கழித்து வெள்ளை எலியின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். 2 குட்டிகளிடம் ஒட்டிய தோல் அழிந்தது. 3 குட்டிகளிடம் நிலைத்தது!

எதிர்ப்பு சக்தி மழுங்கியதால்தானே நிலைத்தது என்று கேட்கத் தோன்றும். இல்லை! மூன்றாவது இன எலியின் தோலை ஒட்டியபோது அதே எலிகள் விடாப்பிடியாக உதறித் தள்ளின. வெள்ளை இனம் மட்டும்தான் அவற்றுக்கு உறவு. இன்னொன்றும் செய்தார்கள். வெள்ளைத் தோலை ஏற்கெனவே எதிர்த்துப் பழகிய வேறொரு பழுப்பு எலியின் நிணநீர்க் கணுக்களை இவற்றுக்குள் வைத்தார்கள். அத்தனை நாள் செழித்திருந்த வெள்ளைத் தோல் அழிந்துபோனது. ஆக, தோல் துளியும் மாறியிருக்கவில்லை. மாறியிருந்தது அதைப் பார்க்கும் கண்! இந்த ஓர் இடத்துக்காகவே மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைக் கொண்டாடலாம் என்பேன்.

கருவிலேயே கற்கும் இந்தப் பொறுமைக்கு முதல் துப்புக் கொடுத்தவை கன்றுக்குட்டிகள், தெரியுமா? இரட்டைக் கன்றுகள் கருவில் ரத்தக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதன் உடலில் வாழ்கின்றன. 1945-இல் அமெரிக்காவில் ரே ஓவன் கண்டது இது. மெடவாருக்கோ இந்தக் கேள்வி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீக்காயம் பட்டவர்களின் கட்டிலருகே பிறந்தது. பிறர் தோல் ஏன் நிற்பதில்லை என்று அவர் கேட்கத் தொடங்கியது அங்கேதான். 1960-இல் ஆஸ்திரேலியாவின் மக்பார்லேன் பர்னெட்டோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

சரி, இந்தப் படிப்பு உடலில் எங்கே நடக்கிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். பெரிதாக வேலையில்லாத சதை என்று அதைப் பலரும் எண்ணியிருந்த காலத்தில், 1961-இல் ஜாக் மில்லர் அன்று பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து அதை எடுத்துவிட்டார். வளர்ந்த அந்த எலிகள் வேற்றின எலியின் தோலை ஏற்றன. வேறோர் உயிரினமான பெரிய எலியின் தோலைக்கூட ஏற்றன! தாக்கவேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்களே அவற்றிடம் உருவாகவில்லை. ஆனால் அது கற்ற பொறுமை இல்லை, பள்ளிக்கூடமே இல்லாத நிலை. தொற்றுநோய்க்கும் அவை எளிதில் இரையாகின.

பள்ளிக்கூடம் இருந்தால் உள்ளே என்ன நடக்கும்? நவராத்திரிக் கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் முதல் கண்ணின் புரதம் வரை உடலின் எல்லா மூலைகளிலிருந்தும் மாதிரிகளைத் தைமஸ் தனக்குள்ளேயே தயாரித்துப் படிப்படியாக அடுக்கி வைக்கிறது! அவற்றைப் பார்த்து வெகுண்டு பாயும் இளம் டி செல் அங்கேயே மடிகிறது. எதையுமே அடையாளம் காணத் தெரியாததும் மடிகிறது. தேறி வெளியே வருபவை மிகச் சொற்பம். கருவிலேயே வந்து குடியேறிய வெள்ளை எலியின் அணுக்களும் இந்தக் கொலுவில் ஒரு படியில் இடம்பிடித்துவிட்டன.

வளர்ந்த எலிக்கும் பாடம் சொல்லித்தர முடியும் என்பது அடுத்த வியப்பு. ஹெர்மன் வால்ட்மன் குழுவினர் டி செல்களைச் சிறிது காலம் மட்டும் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அந்நியத் தோலை ஒட்டினார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் தோல் நின்றது. பிறகு, பொறுமை கற்காத புதிய டி செல்களை அந்த எலிக்குள் அனுப்பினார்கள். அவை தோலைத் தாக்கவில்லை. பழையவற்றோடு பழகிப் பழகி அவையும் பொறுமையைக் கற்றன! பழைய செல்களை முழுவதும் நீக்கிய பின்னும் கற்ற பாடம் நிலைத்தது. 1993-இல் வெளியான இந்த ஆய்வு இதற்குத் தொற்றும் சகிப்பு என்று பெயரிட்டது. நோய் தொற்றும், கொட்டாவி தொற்றும், பொறுமையும் தொற்றுகிறது!

யார் சொல்லித்தருகிறார்கள்? காவல் டி செல்கள். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அவற்றை அடையாளம் கண்டார். மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரும் 2001-இல், செதில் தோலோடு பிறந்து சில வாரங்களிலேயே இறந்துபோகும் ஒருவகை எலியிடம் பழுதான மரபணு ஒன்றைக் கண்டார்கள். ஃபாக்ஸ்பி3 என்ற அந்த மரபணுதான் காவல் செல்களை உருவாக்குகிறது என்று பின்னர் தெரிந்தது. 2025-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இன்னும் கேளுங்கள்! அச்சில் வார்த்ததுபோல் ஒரே மரபு கொண்ட எலிக் கூட்டத்திலும், சில இனங்களில், ஆணின் தோலைப் பெண் எலி நிராகரிக்கும். பெண்ணின் தோலை ஆண் ஏற்கும். ஆணிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம்தான் காரணம். ஆனால் அதே பெண் எலி ஆண் குட்டிகளை வயிற்றில் சுமந்து பத்திரமாகப் பெற்றெடுக்கிறது! பிறந்த குட்டியின் இதயத்தை இன்னொரு எலியின் காதுமடல் தோலுக்கு அடியில் வைத்தால், அது அங்கேயே துடிப்பதை வெளியிலிருந்து பார்க்கலாம். கல்லீரல் எல்லாவற்றுக்கும் மேல்: பல எலி இனங்களிடையே அதை மருந்தின்றியே மாற்றிவைக்கலாம். அதன் பிறகு, கல்லீரல் கொடுத்த இனத்தின் தோலையும் அந்த எலி ஏற்கிறது. தெரிந்தவர் அழைத்து வந்த விருந்தாளிபோல!

எலியிடம் இவ்வளவு எளிதாக நடப்பது மனிதரிடம் ஏன் தயங்குகிறது? ஆய்வக எலி வளர்வது கிருமி அதிகம் எட்டாத கூண்டில். நாமோ சளி, காய்ச்சல், அம்மை என்று எத்தனையோ போர் பார்த்தவர்கள். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில் சில, அந்நிய உறுப்பையும் அந்தக் கிருமி என்றே எண்ணிப் பாய்கின்றன. பல வைரஸ்களை எதிர்கொண்ட எலிகளிலும் இதே தடை எழுவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் வழி அடைபடவில்லை. சிறுநீரகம் கொடுத்த உறவினரின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் மனிதரிடம் கொண்டுவந்தார்கள். வேர் எலியிடம்தான்: ஒரே உடலில் இருவரின் ரத்த அணுக்களும் கலந்து வாழட்டும், தைமஸ் தானே கற்றுக்கொள்ளட்டும் என்ற அதே வழி. 2008-இல் வெளியான அறிக்கையில் 5 நோயாளிகள். ஆயுளுக்கும் விழுங்கவேண்டிய நிராகரிப்புத் தடுப்பு மாத்திரைகளை அவர்களில் 4 பேர் நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகம் வேலை செய்துகொண்டே இருந்தது!